கரையான்சாவடிக்கு வந்த ஆஸ்திரேலியா கோச்

1

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் மலையில் சைக்கிள் ஓட்டுவதாக ஊரில் இருக்கும் நீங்கள் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அனுப்பும் படங்கள் அப்படித்தான் சொல்கின்றன. தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் வானத்தைப் பிடித்துத் தொங்கும் மரங்கள். உண்மை என்னவென்றால் நான் உருட்டுகிறேன். பாதி வழி நான் சைக்கிள்மேல். மீதி வழி சைக்கிள் என்மேல்.

பெர்த் நகரம் முடிகிற இடத்தில் குன்றுகள் தொடங்குகின்றன. குன்றுகளுக்குள் ஒற்றையடிப் பாதையாக வளைந்து வளைந்து போகிறது ஒரு சைக்கிள் தடம். இரண்டு பக்கமும் புதர்க்காடு. எரிந்து கறுத்து மறுபடி துளிர்த்த மரங்கள். எப்போதாவது தலைதூக்கிப் பார்த்து, 'இவனா' என்று மறுபடி மேயப்போகும் கங்காரு. தரையெல்லாம் பட்டாணி அளவுக்கு உருண்டை உருண்டையாகச் செம்பழுப்புக் கற்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால், ரேஷன் கடையில் துவரம்பருப்பு மூட்டை கிழிந்து கொட்டிய தரையில் ஓடுவதுபோல இருக்கும். நான் அங்கே விழாத இடம் குறைவு. விழுந்த இடங்களுக்கு மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன்: முட்டி வளைவு, முழங்கைப் பள்ளம், மானம் போன மேடு.

என் மகள் ஆதிரைக்குப் பதினாறு வயது. அவளுக்கு அது தரையே இல்லை, ஓடுகிற தண்ணீர். அதில் வழுக்கிக்கொண்டு போய்விடுவாள். பாதை பிரியும் இடம் வந்தால் மட்டும் நிற்பாள். அது அந்தக் காட்டின் மரியாதை. முன்னால் போகிறவர் பிரிவில் நின்று, கடைசி ஆள் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகரவேண்டும். நான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேருவேன். "ஓகேயா அப்பா?" என்பாள். பதில் சொல்ல நான் மூச்சைத் தேடுவதற்குள் கிளம்பிவிடுவாள்.

இதில் உள்ள அநியாயத்தைக் கவனியுங்கள். காத்திருந்தவள் இளைப்பாறிவிட்டாள். வந்து சேர்ந்தவனுக்கு இளைப்பாற நேரமே இல்லை. பின்தங்குகிறவனுக்கு ஒருநாளும் ஓய்வு கிடையாது. வெளிநாட்டு வாழ்க்கை முழுக்க இதுதானே என்று ஒருமுறை எனக்குள் ஒரு பெரிய தத்துவம் கிளம்ப, அதை மனசில் எழுதிக்கொள்ள நான் நிற்க, பின்னால் வந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு என்னைக் கடந்து போனார். தத்துவமும் அவரோடு போய்விட்டது.

அந்தக் காட்டில் எனக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று. வாசனை. வெயில் ஏற ஏறத் தைலம் மணக்கும். கூட வரும் வெள்ளைக்காரர்கள் அதை இழுத்து மூச்சு விட்டு, எங்கள் மண்ணின் வாசனை என்பார்கள். நான் பணிவாகத் தலையாட்டுவேன். உள்ளுக்குள், 'அட போங்கய்யா, இது ஆவடி' என்பேன். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் தெருவுக்குத் தெரு தைல மரங்கள்தான். ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலை. காலையில் சங்கு ஊதினால் அந்த மரங்களுக்குக் கீழே சைக்கிள்கள் ஆறாக ஓடும். மரம் இந்த ஊரிலிருந்து அங்கே போய் ஆவடிக்காரன் ஆகிவிட்டது. நான் அங்கிருந்து இங்கே வந்து, இன்னும் தொலைபேசியில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2

நான் பெர்த்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது, கேக் வாங்கலாமா என்று கேட்டாள் என் மனைவி கவிதா. கேக் வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்றேன். அவளுக்கு லீவு இல்லை. ஆதிரைக்குப் பள்ளி விடுமுறை இருந்தது. விருப்பம்தான் இல்லை.

"அந்த ஃப்ளாட்டுக்குள்ள உக்காந்து நான் என்ன பண்றது? எல்லாரும் என்னையே பாப்பாங்க. நான் பேசினா சிரிப்பாங்க."

அங்கேதான் நான் வாயைவிட்டேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மலைச் சைக்கிள் தடம் ஒன்று போட்டிருக்கிறார்கள், காட்டுக்குள்ளே, என்று சொன்னேன். என் பள்ளித் தோழன் பாபு அனுப்பிய ஒரே ஒரு படத்தை நம்பி. படத்தில் புதர் இருந்தது, மண் பாதை இருந்தது. காடு என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன்.

அவள் தன்னுடைய பழைய சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினாள். விமானம் மேலேறி, பெல்ட் விளக்கு அணைந்ததும் காதிலிருந்த இயர்போனை எடுத்தாள். முக்கியமான பேச்சு என்று அர்த்தம்.

"அப்பா, இதுதான் கடைசி. அடுத்த வருஷத்துலேர்ந்து நான் ஊருக்கு வரலை. நீங்க ஃபோர்ஸ் பண்ணக்கூடாது. பிராமிஸ்?"

பிராமிஸ் என்றேன். உடனே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவன் இவ்வளவு இறுக்கமாக மூடமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, என் திட்டம் இதுதான். மூன்று வாரம். ஒரு புதர்க்காடு. அதற்குள் அவள் மனசை மாற்றவேண்டும், நான் மாற்றுவது தெரியாமல்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"சைக்கிள் சார்."

"விக்கவா?"

"ஓட்ட."

"இங்கயா?" என்றார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. நோயாளியை அனுப்புவதுபோல எங்களை அனுப்பிவைத்தார்.

கரையான்சாவடியில் தம்பி வீட்டில் அம்மா இருக்கிறார். ஃப்ளாட்டின் லிப்டுக்குள் பெட்டி நுழையவில்லை. நான் படியில் தூக்கிக்கொண்டு ஏறினேன். அம்மா கதவைத் திறந்து முதலில் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னை. "ஏண்டா, இங்க என்ன சைக்கிளே கிடைக்காதா? புளி எடுத்துட்டுப் போறதுக்கு இவ்ளோ பெரிய பெட்டியான்னு பாத்தேன்."

3

பாபுவின் கடை கரையான்சாவடி மெயின்ரோட்டில். நானும் அவனும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே பெஞ்ச். இப்போது ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிற ஃப்ளாட்காரர்களுக்குக் கியர் சைக்கிள் விற்கிறான். அவன் மட்டும் சைக்கிள் ஓட்டுவதில்லை, ஸ்கூட்டர்தான். கேட்டால், "ஸ்வீட்டு ஸ்டாலு வெச்சிகீறவன் ஸ்வீட்டு துன்றானா?" என்பான்.

"இன்னா மாமே! ஒட்டடக்குச்சி மாதிரி போனே, கண்டெய்னர் மாதிரி வந்துகீறே!"

"சைக்கிள் ஓட்டுறேன் மச்சான்."

"அந்த சைக்கிளு பாவம்டா. அதுக்கு யார்னா இன்ஷூரன்ஸ் போட்டாங்களா?"

ஆதிரை கைகூப்பினாள். பெர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் படித்த தமிழ் முழுதும் அவள் தொண்டையில் வரிசையில் நின்றது. "வணக்கம். நான் ஆதிரை. என்னுடைய மிதிவண்டியை இங்கே வைத்துப் பூட்டிக்கொள்ளலாமா?"

பாபு கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அவனும் கைகூப்பினான். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இன்னாடா, பாப்பா நியூஸு வாசிக்குது?" என்றான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. போச்சு, முதல் நாளே போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள் பெட்டியைப் பிரித்துத் தானே மாட்டத் தொடங்கியதும் பாபு வாயை மூடிக்கொண்டு ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தான். கடைசியில் சீட்டைச் சொருகினாள். சீட்டுக் கம்பியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றியிருந்தது. டேப் வரைக்கும் இறக்கி இறுக்கினாள்.

"இது இன்னாத்துக்கு கண்ணு?"

"என்னுடைய உயரம், அங்கிள். கழற்றி மாட்டினாலும் மாறாது. நான் வளர்ந்தால் டேப்பை இன்னும் கீழே சுற்றுவேன், சீட் அவ்வளவு மேலே நிற்கும்."

"உங்கப்பனுக்கு?"

"அப்பாவுக்கு டேப் தேவையில்லை. எப்பவும் கடைசி வரைக்கும் இறக்கிவிடுவார்."

பாபு விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஆவடிப் பையன். நின்றால் ரெண்டு காலும் தரையைத் தொடவேண்டும். அதற்குமேல் எனக்கு யாரும் சைக்கிள் கற்றுத்தந்ததில்லை. கத்திரிவெயிலில் வாத்து நடப்பதுபோல என் முட்டிகள் ரெண்டு பக்கமும் விரிந்து போகும். படங்களில் அது தெரியாது, இடுப்புக்கு மேலேதான் எடுக்கச் சொல்வேன்.

ஞாயிறு காலை பாபுவின் குழு ஏரிக்குப் போகிறது. எல்லாரும் வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே ஃப்ளாட் வாங்கியவர்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் பாபு அன்றைக்கே போட்டுவிட்டான்: நம்ம ரைடுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கோச் வருகிறார். நான் மறுத்தேன். எவ்வளவு பலமாக மறுத்தேன் என்றால், பாபுவுக்குக் காதிலேயே விழவில்லை.

4

நசரத்பேட்டை தாண்டி, நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினோம். பாபு கடையிலிருந்து எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தான். முன்னால் நான். பின்னால் ஆதிரை. அவளுக்குப் பின்னால் தேனிக்காரர் செந்தில், அப்புறம் மற்றவர்கள். பாபு ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டு வந்து நடுவில் எங்கேயாவது டீயோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

ஏரிக்கரை மேல் ஏறியதும் எனக்குப் பெர்த் வியாதி வந்துவிட்டது. அங்கே காட்டுத்தடத்தில் எதிரே வருகிற எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மிருகம் என்று நினைப்பார்கள். பழக்கதோஷம். கரைமேல் பல் துலக்கிக்கொண்டு நின்ற ஒருவருக்குக் கைதூக்கி, "வணக்கம்ணே!" என்றேன். அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்து, பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து, "எந்தக் கட்சி?" என்றார்.

ஒரு பக்கம் ஏரி. காலை வெளிச்சத்தில் தண்ணீர் தகரம் மாதிரி கிடந்தது. மறுபக்கம் குடோன்களின் நீலக் கூரைகள், மனைபோட்டு நட்ட வெள்ளைக் கற்கள். ரெண்டுக்கும் நடுவே சீமைக் கருவேலம். அதுதான் நான் சொன்ன காடு.

"இதுவா அப்பா காடு?"

"புதர்க்காடு. சொன்னேனே."

"புதர்னு சொல்லலை."

இந்தச் சீமைக் கருவேலத்தை ஆஸ்திரேலியாவில் கண்டால் அலறுவார்கள். வளர்க்கத் தடை. இங்கே அதுதான் வெயிலுக்கு நிழல், அடுப்புக்கு விறகு, சைக்கிளுக்கு எமன். இதுவும் எங்கேயோ இருந்து வந்ததுதான். வந்த இடத்தில் எப்படிப் பச்சென்று பிடித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

தடத்தைக் காட்ட பாபுவின் குழு ஒரு வேலை செய்திருந்தது. பெர்த்தில் மஞ்சள் முக்கோணம் அடித்திருப்பார்கள். இங்கே பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கிழித்துக் கிளைகளில் கட்டியிருந்தார்கள். யார் வீட்டுக் காதுகுத்து பேனரோ, தெரியவில்லை. ஒரு மரத்தில் ஒரு கண் தொங்கியது. அடுத்த வளைவில் பாதி மீசை. அதற்கடுத்து கும்பிட்ட கை. தாய்மாமன் ஒருவர் துண்டு துண்டாக எங்களைக் காட்டுக்குள் வரவேற்றுக்கொண்டே போனார். ஆதிரை முதல் முறையாகச் சிரித்தாள். நின்று, மீசையைப் படம் எடுத்தாள்.

எனக்கு ரெக்கை முளைத்தது. மேடு இல்லாத ஊர். ஏறவேண்டியதில்லை, இறங்கவேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் மகள் எனக்குப் பின்னால் வருகிறாள். கண்ணைக் கண்டால் இடது, மீசையைக் கண்டால் வலது என்று விட்டேன் பாருங்கள் சைக்கிளை.

5

இந்தப் பக்கத்து ஊர்களில் கிழிந்த ஃப்ளெக்ஸ் எங்கேதான் இல்லை? ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை, செங்கல்லுக்குப் போர்வை, காற்றில் பறந்து முள்ளில் மாட்டினது வேறு. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான் கோச் அல்லவா?

தாய்மாமனின் மூக்கு ஒன்று வந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு மூக்கு. ஒரு மனிதருக்கு ரெண்டு மூக்கு எப்படி என்று நிதானமானவன் யோசித்திருப்பான். நான் வேகத்தைக் கூட்டினேன். அப்புறம் ஒரு வளையல் கை, ஒரு மாடி வீட்டின் பால்கனி, ஒரு சிரிக்கும் குழந்தை. பாதை குறுகி, முள் ரெண்டு பக்கமும் சட்டையைப் பிடித்து இழுத்து, கடைசியில் ஒரு மைதானத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. வெள்ளைக் கற்கள் நட்ட மனைகள். எதிரே குடோன் மதில். நடுவில் சேற்றுக்குட்டையில் எருமைகள். அவற்றை மேய்க்கிற அம்மா ஒருவர் வேலிக்கல்லின்மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக வரிசையாக வெளியே வந்த எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், பிளாட் பாக்க வந்தீங்களா? புரோக்கர் வர்லியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த அமைதியில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. முள் வேலையைக் காட்டிவிட்டது. என் டயரும் செந்தில் டயரும் முதலில் படுத்தன, மற்றவர்கள் ஆளாளுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

செந்தில் மரியாதையாகக் கேட்டார்: "சார், ஆஸ்திரேலியாவுல முள்ளு குத்துனா என்ன செய்வீங்க?"

எல்லார் கண்ணும் என்மேல். ஆஸ்திரேலியாவில் முள் குத்தினால் நான் "ஆதிரை!" என்று கத்துவேன். அதை எப்படிச் சொல்வது? "பதட்டப்படக்கூடாது. அதுதான் முதல் விஷயம்," என்றேன். ரெண்டாவது விஷயம் எனக்குத் தெரியாது.

ஆதிரை அதற்குள் முதுகுப்பையை இறக்கிவிட்டாள். செந்திலின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "அண்ணா, முள்ளைப் பிடுங்காதீங்க. முதலில் எங்கே இருக்குன்னு பாத்து வைங்க. இல்லாட்டி ஓட்டையைத் தேடணும்." டயர் நெம்பியை எல்லாருக்கும் காட்டி, எங்கே நுழைத்து எப்படித் தூக்குவது என்று செய்தாள். டியூபை உருவி, எருமைக் குட்டையின் தெளிந்த ஓரத்தில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டினாள். அடுத்து என்னுடையது. அவசரத்தில் அவளுடைய பள்ளிக்கூடத் தமிழ் தானாகவே கீழே இறங்கிவந்துவிட்டது. 'பிடித்துக்கொள்ளுங்கள்' எல்லாம் போய், "புடிங்க, புடிங்க, உடாதீங்க" ஆகிவிட்டது. சென்னையில் நான்கே நாளில்.

பாபு எப்படியோ மோப்பம் பிடித்து மனைச் சாலை வழியாக ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். பிளாஸ்க்கில் டீ, பையில் போண்டா.

"இன்னாங்கபா, கோச் எங்க?"

செந்தில் கையை நீட்டினார். நீண்ட கை என் பக்கம் வரவில்லை.

போண்டா தின்னும்போது நான் மெதுவாக அவளிடம் கேட்டேன். "வழி தப்புன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"ரெண்டாவது மூக்குல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவள் விரலில் ஒட்டியிருந்த ரப்பர் பசையை உரித்துக்கொண்டே இருந்தாள். "நீங்க எனக்கு முன்னாடி போறதை நான் பாத்ததே இல்லைப்பா. கொஞ்ச நேரம் போகட்டுமேன்னு விட்டுட்டேன்." அப்புறம் சேர்த்துக்கொண்டாள்: "உங்க முட்டி ரொம்ப ஃபன்னியா போகுது."

6

திரும்புகிற வழியில் ஏரிக்கரை முனையில் ஒரு இரும்புக் குழாய்க் கேட். லாரி ஏறாமல் இருக்கப் போட்டது, பெரிய பூட்டு. காலையில் வேறு பக்கமாக வந்ததால் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. இடுப்பு உயரம். செந்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் கொடுக்க ஆள் தேடினார்.

நான் தேடவில்லை. என் மூளையைக் கேட்காமலே உடம்பு ஒரு காரியம் செய்தது. ஓடுகிற சைக்கிளிலிருந்து ஒரு காலை எடுத்து இறங்கி, அதே வேகத்தில் ஹேண்டில்பாரைத் தரைக்குச் சாய்த்து, நானும் குனிந்து, கம்பிக்குக் கீழே சைக்கிளைப் படுத்தவாக்கில் வழுக்கவிட்டுக்கொண்டு...

ஆவடி லெவல் கிராசிங்கில் கற்ற வித்தை அது. குவார்ட்டர்ஸ் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம், நடுவில் மூடியே கிடக்கும் கேட். செய்யக்கூடாத காரியம். பிடிபட்டால் கேட்கீப்பர் டயரில் காற்றைப் பிடுங்குவார், வீட்டுக்குத் தெரிந்தால் முதுகு பிய்யும். ஆனாலும் ஊரே அப்படித்தான் போனது. டிபன்பாக்ஸ் சிந்தாமல், பின்னால் உட்கார்ந்த தம்பி இறங்காமல் போகிறவர்கள்கூட உண்டு.

பின்னால் எல்லாரும் 'ஓ!' என்றார்கள். ஒரு கணம் நான் உண்மையிலேயே கோச். அடுத்த கணம் என் முதுகுப்பையிலிருந்து வாய்க்கு வரும் தண்ணீர்க் குழாய் பூட்டில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகமுடியவில்லை, பின்னேயும் வரமுடியவில்லை. கேட்டுக்கு அடியில் பாதி குனிந்து, சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். குழாய் பிய்ந்து தண்ணீர் பிடரியில் ஓடியது.

பாபு ஸ்கூட்டரிலிருந்து கத்தினான். "மாமே! டிரெய்ன் வந்துகினு கீது! எந்திரி, எந்திரி!"

ஆதிரை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சிரித்த சிரிப்பு. எங்கே வைத்தோம் என்று நாங்கள் மறந்துபோயிருந்த சிரிப்பு. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, அது என்ன? மறுபடி செய்ங்க. பை இல்லாம."

செய்தேன். ரயில் தண்டவாளம் பக்கம் போய்ச் செய்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவள் முயன்றாள், ஹேண்டில்பார் கம்பியில் இடித்தது. "எங்க குனியணும், முன்னாடியா பின்னாடியா?" என்று என்னைக் கேட்டாள். சைக்கிள் விஷயத்தில் என் மகள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. சைக்கிள் சாயும்போது கூடவே குனி, முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு என்றேன். அடுத்த தடவை பாம்பு புற்றுக்குள் போவதுபோலப் போய் மறுபக்கம் நிமிர்ந்தாள்.

நான் மறுபக்கம் காத்திருந்தேன். "ஓகேயா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் கிளம்பினேன். இருபது வருடக் கணக்கு இல்லாவிட்டாலும், குன்றில் அவள் பின்னால் நாக்குத் தள்ளிய ரெண்டு வருடக் கணக்காவது தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் கடந்து போய்விட்டாள்.

7

அதற்கப்புறம் அவளை ஃப்ளாட்டில் பார்ப்பது அரிதாகிவிட்டது. காலையில் ஏரி, அப்புறம் பாபு கடை. அங்கிள் எப்போதோ பாபு மாமா ஆகியிருந்தான். ஒருநாள் வீடியோ காலில் கவிதா, "எப்படி இருக்கே கண்ணா?" என்று கேட்க, இவள், "நல்லா கீறேம்மா, நீ இன்னா பண்றே?" என்றாள். பெர்த்தில் ஒரு முகம் திரைக்குக் கிட்டே வந்தது. அப்புறம் கவிதா, "அப்பாகிட்ட போனைக் குடு," என்றாள்.

நான் மட்டும் அடுத்த வருடப் பேச்சை எடுக்கவே இல்லை. பிராமிஸ் பிராமிஸ்தான். கேட்டால் கெட்டுவிடும் என்ற பயம் வேறு.

கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு பயம் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் வெளிநாட்டு மண் போகக்கூடாது. டயரில் ஒட்டின சேறு, ஒரு விதை, ஒரு முள், எதுவும். வந்து இறங்கும்போது ஒரு அட்டையில் மண் இருக்கிறதா, செடி இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி. இருபது வருடமாக அந்த அட்டையை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் நிரப்புவேன். அம்மாவின் ஊறுகாயைக்கூடக் குற்றவாளி மாதிரிதான் நீட்டுவேன். எனவே பாபு கடை வாசலில் பழைய டூத் பிரஷ்ஷோடு உட்கார்ந்து அவளுடைய டயரின் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமே, பல்லு வெளக்கிட்டு கொப்பளிக்கவும் சொல்லுவியா?" என்றான் பாபு.

ஆதிரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "வேணாம்ப்பா. இது இங்கயே இருக்கட்டும்."

என் கை நின்றது. "ஏன்?"

"கழுவ சோம்பலா இருக்கு."

அவ்வளவுதான். கடைக்குள் போய்விட்டாள். நான் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சைக்கிள். பெர்த்தில் நல்லது வேறு இருக்கிறது. சோம்பல் என்றால் சோம்பல்தான். காலிப் பெட்டியை அம்மா விடவில்லை. புளி, அப்பளம், வடகம் என்று நிரப்பி, ஆசை தீர்ந்த முகத்தோடு டேப் போட்டு ஒட்டினார்.

பெர்த்தில் இறங்கியதும் எல்லாவற்றையும் நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அதிகாரி புளியை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டார். பிறகு சந்தேகமாக என் ஷூவைத் திருப்பச் சொன்னார். குதிகாலில், ரப்பருக்குள் ஆழமாக, ஒரு சீமைக் கருவேல முள். அதை இடுக்கியால் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பத்திரமாக ஒட்டினார். ஆதிரை அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், அப்பாவையும் அந்தப் பைக்குள் போட முடியுமா என்று.

இந்த ஞாயிறு மறுபடி குன்று. மறுபடி பட்டாணிக் கற்கள். மானம் போன மேட்டில் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். பாதை பிரியும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ச் சேரவும் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பாபு. ஒரு படம், கூடவே குரல் பதிவு. மூச்சு வாங்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அங்கேயே போட்டேன். தைல மரங்களுக்கு நடுவே பாபுவின் குரல் ஓங்கி ஒலித்தது.

"மாமே, பாப்பா சைக்கிள கடை மேல கொக்கில மாட்டி வெச்சிகீறேன், போட்டோ பாரு. சீட்ட மேல இஸ்து உட்டு, கம்பில ரெண்டு டேப்பு சுத்தினு போய்கீது. மேல ஒண்ணு, ரெண்டு விரக்கடை கீழ ஒண்ணு. இன்னா கண்ணு ரெண்டுன்னு அன்னிக்கே கேட்டேன். மேல்து இப்போ, கீழ்து நான் அடுத்த தபா வரசொல்லோன்னுச்சு. எவ்ளோ வளருதுன்னு பாக்கலாம் மாமான்னுச்சு. அதான் கேக்கறேன், எப்ப வர்றீங்க? அதுவரைக்கும் எவனையும் அத தொட உட மாட்டேன். உன்னியும்தான்."

படத்தைப் பெரிதாக்கினேன். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் சைக்கிள். அதன் சீட்டுக் கம்பியில் ரெண்டு சிவப்புக் கோடு.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓகேயா அப்பா?" என்றாள்.

சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, பாதையை அல்ல, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மூச்சு வந்து சேரும்வரை நின்றாள்.

அன்றைக்கு மூச்சு வந்து சேர ரொம்ப நேரம் பிடித்தது. அதில் பாதி நடிப்பு. ஊர்க்காரர்கள் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.